புருவம் எடுக்க வந்தவர்கள்

புருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேதீஸ்வரி அக்கா ஆளைப் படியிறங்க விடுவார். மோவாயைப் பிடித்து முகத்தை யன்னல் பக்கம் திருப்பி, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்க வேணும் பிள்ளை, இதைப் பார்த்தால் ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்று திரும்பவும் உள்ளே அனுப்புவார்.

கொடிகாமம் சந்தையடியில் ஒரு கடையின் மேல்மாடி. முன்னறையில் றஜனியின் அழகுநிலையம். அதற்குள்ளால் போனால் பின்னறையில் அக்கா. வேலையிடத்தில் மேலதிகாரியின் கையோ வாயோ எல்லை மீறினால், பெண்கள் இரகசியமாக வந்து கதைக்கவும் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கவும் ஒரு பெண்கள் அமைப்பு அவரை அங்கே இருத்தியிருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பலகை தொங்கினால், சனம் பலகையையா வாசிக்கும்? ஏறுகிறவளின் முகத்தை அல்லவா வாசிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பஸ்ஸால் இறங்கினால் "எங்கை போட்டு வாறாய்?" என்று நாலு பேராவது கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அது மரியாதைக் குறைவு. ஆகவே அதற்கான பதில் முகத்திலேயே இருக்கட்டும் என்பது அக்காவின் கட்சி. பின்னறைக்கு வந்த எவளும் றஜனியின் நூலுக்குத் தப்பிப் போக முடியாது. ஒரு பிள்ளை அடிக்கடி வந்ததில் புருவமே இல்லாமல் போய், கடைசியில் மையால் கீறி அனுப்பினார்களாம். "இனி உமக்குத் தலைமயிர்தான்" என்று அக்கா சொன்ன பிறகுதான் அவள் முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தாள்.

"இந்தத் தந்திரத்தை எழுதலாமோ அக்கா?" என்று சஞ்சிகைக்காரியான நான் கேட்டேன்.

"எழுதுங்கோ. உங்கடை சஞ்சிகை வர முதல் நாங்கள் இடம் மாறிடுவம்."

வருகிறவளிடம் பெயர் கேட்கமாட்டார். மேசையில் கோதோடு வறுத்த கச்சான் கடலையைக் கொட்டி உடைக்கச் சொல்வார். கைக்கு வேலை கொடுத்தால் வாய் தானாகத் திறக்குமாம். அழுதால் இன்னும் ஒரு பிடி. "தொட்டால்தான் குற்றமெண்டு ஆர் சொன்னது? வாயாலை அசிங்கமாக் கதைச்சாலும் தண்டனைச் சட்டக்கோவையிலை முந்நூற்று நாற்பத்தைஞ்சாம் பிரிவு இருக்கு. அவன் அனுப்பின மெசேச்சை அருவருப்பிலை அழிச்சுப்போடாதையும், அதுதான் சாட்சி. முறைப்பாடு போடுறதோ விடுறதோ உம்மடை முடிவு." கடைசி வசனத்தை மட்டும் கச்சான் மெல்லாமல் சொல்வார்.

அவருக்கு வாய்த்த எதிரி, முன்னால் உள்ள போட்டோக்கொப்பிக் கடைச் சண்முகநாதன். ஓய்வுபெற்ற தபாலதிபர். மற்றவர்களின் கடிதங்களைத் திறக்காமல் முப்பது வருடம் பொறுத்த மனிதர், அந்த வட்டியையும் சேர்த்து இப்போது வசூலிக்கிறார். மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்பது அவருக்குப் பேப்பர் வாசிக்கிற மாதிரி.

அவருடைய மகளும் ஏறினாள். கஜானி என்று வைத்துக்கொள்வோம், தகப்பனின் பெயரும் நான் வைத்ததுதான். பெயரை மாற்றி எழுதுங்கோ என்று சொன்னவள் அவளேதான். ஒரு தனியார் கந்தோரில் கணக்குப் பார்க்கிறாள். முகாமையாளர் அவள் கதிரைக்குப் பின்னால் வந்து, கணினியைப் பார்க்கிற சாட்டில் தோளில் சாய்வார். அவரை எதிர்க்க அவள் துணிந்துவிட்டாள். பயமெல்லாம் வீட்டில் இருந்தது. "மனேச்சரை நிப்பாட்டலாம் அக்கா. அப்பாவைத்தான் ஏலாது. தெரிஞ்சால் வேலையை விட்டிட்டு வீட்டிலை இரு எண்டுவார்." அந்த வேலை அவளுக்கு உயிர்.

நான் போயிருந்த அன்று அவள் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கதைத்து முடித்து, திரைக்குப் பின்னால் றஜனியிடம் புருவத்துக்கு இருந்தாள். சும்மா இருந்த எனக்கும் கழுத்தில் துணி கட்டி, அடுத்த ஆளாக இருத்தி வைத்தார் அக்கா. அப்போது படியில் செருப்புச் சத்தம். சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி, கீழே மகளின் ஸ்கூட்டியைக் கண்ட சண்முகநாதன், மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"தங்கச்சி, என்ரை மோள் இஞ்சை வந்தவளோ?"

"இது றஜனியின்ரை கடை அண்ணை. அவவைக் கேளுங்கோ" என்றார் அக்கா.

திரைக்குள்ளிருந்து, பல்லில் நூலோடு, றஜனி சொன்னாள்: "ஓம் ஐயா, புருவம் எடுக்கிறா."

தபாலதிபருக்கு முகம் மலர்ந்தது. "எடுக்கட்டும், எடுக்கட்டும். அவளின்ரை மனேச்சர் தங்கமான மனுசன். கேட்ட உடனை லீவு குடுக்கிறார்."

அக்காவின் கைக்குள் ஒரு கச்சான் நொறுங்கியது. அந்த மனேச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் மகள், அவர் அல்ல. எனக்கோ நாக்கு அரித்துக்கொண்டு நின்றது. கெட்ட கோபமும் வந்தது.

திரை விலகியது. ஒரு புருவம் எடுத்தபடி, மற்றது எடுக்காதபடி, கஜானி வெளியே வந்தாள்.

"அப்பா, அவர் தங்கமான மனுசன் இல்லை. என்னோடை கூடாத மாதிரி நடந்தவர். இண்டைக்கு முறைப்பாடு குடுத்திட்டன். வேலையை விடமாட்டன்."

எதையும் கேட்காமல் இருக்கத் தெரியாத மனிதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எனக்கேன் சொல்லேல்லை?" குரல் இறங்கிப்போயிருந்தது.

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

அக்கா ஒரு கதிரையை இழுத்துத் தகப்பனுக்குப் பின்னால் வைத்தார். அவர் இருந்தார். மகளுக்கும் ஒன்றை அவருக்கு முன்னால் போட்டுவிட்டு, றஜனிக்கும் எனக்கும் கண்ணைக் காட்டினார். நாங்கள் வெளியே வந்ததும் தானும் வந்து கதவைச் சாத்தினார்.

றஜனி நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கிவிட்டாள். நான் செருப்பைத் தேடுகிற சாட்டில் கதவோடு காதை வைத்தேன். உள்ளே தகப்பனின் குரல் தொடங்கியதுதான் தாமதம், அக்கா என் கழுத்துத் துணியின் நுனியைப் பிடித்து, ஆட்டுக்குட்டியைப் போலப் படியால் இறக்கிக் கொண்டுபோனார்.