ரஷ்யாவைப் பார்த்தவர்கள்

கிணறு வெட்டுகிறவனைப் பட்டாளத்தில் சேர்த்தால் அவன் எதை வெட்டுவான் என்று சூசாவில் யாரும் யோசிக்கவில்லை. துருக்கி சுல்தானோடு ரஷ்யாக்காரன் மோதிவிட்டான். சுல்தானுக்குக் கட்டுப்பட்டு நாட்டை ஆளும் நம் பே சும்மா இருப்பாரா? கப்பல் கப்பலாக ஆட்களை ஏற்றினார். கிணறு வெட்டும் பூராவியும் அவன் தம்பி ஃபராஜும் கடல் கடந்து, ரஷ்ய எல்லையோரம் இருக்கும் பத்தூமில் போய் இறங்கினார்கள்.

எதிரி வரவில்லை. சதுப்பு இருந்தது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தவறாமல் வந்தன. பட்டாளம் முழுக்கச் சும்மா கிடக்க, பூராவியின் மண்வெட்டிக்கு மட்டும் ஓய்வில்லை. செத்தவனை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிழக்கே பார்க்க அடக்கினான். சூசாவுக்கு மக்கா கிழக்கேதான். மக்கா என்ன இடம் மாறுகிற ஊரா? பட்டாளத்து இமாமும் கிழக்கே பார்த்துத்தான் தொழவைத்தார்.

ஃபராஜையும் அப்படித்தான் அடக்கினான். மறுநாள் பத்தூம் பள்ளிவாசல் இமாம் அந்தப் பக்கம் வந்தார்.

"ஏம்ப்பா, எல்லாரும் ரஷ்யாவைப் பார்த்துப் படுத்திருக்காங்களே, அங்கேருந்து யாராவது வர்றாங்களா?"

"மக்காவைப் பார்த்துல்ல வெச்சிருக்கேன்?"

"உங்க ஊருக்கு அது கிழக்கு. இங்க தெற்கு. உடம்பு கெடறதுக்குள்ள திருப்பிடு. கெட்டுட்டா அப்புறம் குழியைத் தொடக்கூடாது."

குளிரில் இரண்டு மூன்று நாள் தாங்கும். பூராவி பட்டாளத் தலைவர் குர்ஷித்தின் கூடாரத்துக்கு ஓடினான்.

"எதிரியைப் பார்த்தபடியா கெடக்காங்க?" தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்படியே இருக்கட்டும். பேவுக்கு எழுதிடலாம்."

"சீதி, ஐயா, என் தம்பி..."

"உன் தம்பி வீரன்டா! எவனாவது தோண்டினா சவுக்கடிதான்."

காவலும் போட்டார். ரஷ்யாக்காரனுக்காகக் கொண்டுவந்த துப்பாக்கிகளுக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது.

அடுத்த நாள் காய்ச்சல், பதவி பார்க்காமல், தலைவரின் கூடாரத்துக்குள்ளும் நுழைந்தது. சாயங்காலம் பூராவியை வரச்சொன்னார். உதடு வெடித்திருந்தது.

"என்னை எந்தப் பக்கம் பார்க்க வைப்பே?"

"கிழக்கே, சீதி. எதிரியைப் பார்த்து. பேவுக்கும் எழுதிடலாம்."

"விளையாடாதேடா. மக்காவைப் பார்த்து வை."

"வைக்கிறேன். முதல்ல என் தம்பி."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "எவனையெல்லாம் திருப்ப முடியுமோ, திருப்பித் தொலை."

விடிந்ததும் காவலுக்கு நின்றவர்களே மண்வெட்டி பிடித்தார்கள். புதிதாகக் குழி வெட்டி ஃபராஜை முதலில் வைத்தார்கள். பிறகு, கெடாமல் இருந்த மற்றவர்களை. கிழக்கிலிருந்து தெற்குக்கு, அதாவது வலப்புறம் திரும்பு. அந்தப் போரில் எங்கள் பட்டாளம் பிசகாமல் செய்த ஒரே அணிவகுப்பு அது. பழைய குழிகளில் கிடந்தவர்கள் இன்னும் ரஷ்யாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தலைவர் பிழைத்துக்கொண்டார். ஒரு பதக்கமும் வாங்கினார்.

பூராவி ஊர் திரும்பி மறுபடியும் கிணறு வெட்டினான். காப்பிக்கடையில் யாராவது ஒருவன் கட்டாயம் கேட்பான்:

"ரஷ்யாக்காரனைப் பார்த்தியா, பூராவி?"

"நான் எங்கே பார்த்தேன்? என் தம்பிதான் மூணு நாள் பார்த்தான்."