பேய்க்குப் பதில் சொன்ன அம்மா

அந்தப் படத்தைப் பற்றி ஊரே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஊர் என்றால் என் வீட்டுக்காரரின் கைத்தொலைபேசிக்குள் இருக்கிற ஊர். இப்படியொரு பேய்ப்படம் இதுவரை வந்ததேயில்லை என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் எழுதியதை நான் இங்கே சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இவர் படத்தைப் பார்க்காமலேயே முதல் கட்சியில் சேர்ந்துவிட்டார். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, மத்தியான நேரம், ஹட்டனில் வழக்கமான மழை. ஜன்னல் சீலைகளை இழுத்து மூடி அறையை இருட்டாக்கி, எங்கள் இரண்டு பேரையும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைத்தார்.

இரண்டு பேர் என்றால் நானும் அம்மாவும். அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருடம் கொழுந்தெடுத்தவள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஓய்வு. ஆனால் அந்தச் சொல் அவள் வாயில் வராது. "பேர் வெட்டிட்டாங்க" என்பாள். செக்ரோல் என்கிற வேலைக்காரர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்பா போய் வெகுகாலமாயிற்று, நான் ஒரே பிள்ளை. பெயர் வெட்டிய மறு வாரமே போய் அம்மாவை அழைத்து வந்துவிட்டேன். இனி அவள் என்னோடுதான் என்று நானே தீர்மானித்தும் விட்டேன்.

தோட்டத்து லயத்தில் அம்மா இருந்த வீட்டைச் சித்தப்பா மகன் கேட்டுக்கொண்டிருந்தான், புதிதாகக் கல்யாணமானவன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். கொடுத்துவிட்டால் அம்மாவுக்குத் திரும்பிப் போக இடமில்லை. "குடுத்துறவாம்மா?" என்று கேட்கும் போதெல்லாம் "ஒன் இஷ்டம் புள்ள" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. சாப்பாடு பாதியாகக் குறைந்ததும், பேச்சு அதைவிடக் குறைந்ததும் என் கண்ணில் படாமல் இல்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பொகவந்தலாவை மலைக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு ஹட்டன் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். என் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது என்று இப்போது தோன்றுகிறது.

படம் தொடங்கியது. மருமகன் முன்னால் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டு அம்மா தரையில் பாயைப் போட்டுக்கொண்டாள். தமிழில் குரல் மாற்றியிருந்தார்கள். ஆட்களின் பெயர்களையும் தமிழாக்கியிருந்தார்கள். மலைமேல் ஒரு பழைய வீடு. முதல் கால் மணி நேரம் ஓர் அலமாரியை மட்டும் காட்டினார்கள். அது திறக்கவுமில்லை, ஆடவுமில்லை. "இதுதான் படமே" என்றார் இவர். "நம்ம வீட்டிலயும் ஒரு அலமாரி இருக்குங்க, அதையும் பாக்கலாமே" என்றேன். முறைத்தார்.

பிறகு பனிமூட்டம் வந்தது. கதாநாயகி அதைப் பார்த்து அப்படி நடுங்கினாள். அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"இதுக்கா இந்தப் பயம்? காலையில மலைக்குப் போறப்ப இதவிட கூட இருக்குமே."

"அத்தை, இந்தப் பனிக்குள்ள என்னமோ இருக்கு" என்றார் இவர்.

இருந்தது. அட்டைகள். நூற்றுக்கணக்கில் ஊர்ந்து வந்து கதாநாயகியின் காலில் ஏறின. பின்னணியில் வயலின் கிடந்து கதறியது. நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். அம்மா உச்சுக்கொட்டினாள்.

"காலுக்குக் கொஞ்சம் சவுக்காரம் பூசிக்கிட்டு எறங்கியிருக்கலாமே இந்தப் புள்ள. யாரும் சொல்லிக் குடுக்கல போல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உலகத்தில் பாதிப் பேரைத் தூங்கவிடாமல் செய்த காட்சியை ஒரு சவுக்காரக் கட்டியில் முடித்துவிட்டாள். இவர் மட்டும், அட்டை என்பது அட்டையல்ல, மனிதனின் குற்றவுணர்ச்சி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

பேய் வந்தது அதற்குப் பிறகுதான். அதற்கு உருவமில்லை, குரல் மட்டும். ஒரு கனத்த ஆண் குரல், பனிக்குள்ளிருந்து அந்த வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கும். பதில் சொன்ன ஆள் காணாமல் போவார். பதில் சொல்லாதவர்கள் பிழைப்பார்கள். ஒரு பெயர் வந்தது, மௌனம். இன்னொரு பெயர், மௌனம். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த இடத்தில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாவதாக வீட்டுச் சமையற்காரியின் பெயரைக் கூப்பிட்டது. அது அம்மாவின் பெயர்.

"இருக்கேங்கய்யா" என்றாள் அம்மா.

தெளிவாக, கணீரென்று. சொன்னதோடு பாயிலிருந்து பாதி எழுந்தும் விட்டாள். கை தானாகத் தலைக்குப் போய், அங்கே இல்லாத துண்டைச் சரிசெய்தது. தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிற காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுப் பொறுப்பதும் அதே தாளத்தில்தான். முப்பத்தெட்டு வருடப் பழக்கம், பேயென்றும் பார்க்கவில்லை.

இவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். மாபெரும் படைப்பு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேய்க்கு ஆஜர் குடுத்திட்டியேம்மா" என்றேன். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் சிரித்து மூன்று மாதமாகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிரித்து ஓய்ந்தபின் அம்மா சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ அம்மாங்கிற. மாப்ள அத்தைங்கிறாரு. கீழ் வீட்டுச் சிங்கள நோனா என்னப் பாத்தா டீச்சர்கே அம்மாங்கிறா. இங்க வந்ததுலருந்து என் பேர யாரும் சொல்லல. பேயாவது கூப்புட்டுச்சே."

இவர் படத்தை நிறுத்திவிட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பதினைந்து வருடமாக ஆஜர் எடுக்கிறேன். ஒரு பிள்ளையின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அதன் முகம் எப்படி வாடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் 'டீச்சருடைய அம்மா' என்பது என் அம்மாவின் பெயரல்ல என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, இவளைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருக்குமே என்ற பயம் பெரிதாக இருந்தது.

அதனால் சாயந்தரம் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். சமையலறையில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக, அம்மாவை அவள் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன். அம்மா மெல்ல வந்து வாசல்படியில் நின்றாள்.

"மாப்ள இருக்கிற வீட்டில பெத்தவள இப்புடியா கூப்புடுறது?"

"பின்ன யாரு கூப்புடுறது?"

"கூப்புடுறவங்க அங்க இருக்காங்க புள்ள" என்றாள். "பேர் வெட்டுனா செக்ரோல்லதான் வெட்டுவாங்க. பீலியில தண்ணி புடிக்கப் போனா நாலு பேரு கூப்புடுவாங்க, திட்டுறதுக்காவது கூப்புடுவாங்க."

மூன்று மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, அவள் முன்னாலேயே சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, வீடு இல்லை, வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொன்னேன். அவன் கோபித்துக்கொண்டான். அம்மா என் கையிலிருந்து அகப்பையை வாங்கிக் குழம்பைக் கிண்டினாள். அன்றைக்கு ராத்திரி இரண்டாம் தடவையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள். இந்தச் சாப்பாட்டைத்தான் நான் மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருந்தேன்.

சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"பொகவந்தலாவைக்கு மொத பஸ் எத்தன மணிக்கு புள்ள?"

ஆறேகாலுக்கு. தினமும் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். மூன்று மாதமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்து அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"சரி, நாளைக்கி விசாரிச்சுச் சொல்லு" என்றாள். "நாளன்னைக்கிப் போய்க்கிறேன்."