சைரன் சுவிட்சு

எங்கள் அப்பா ஓட்டியது ஒரு பழைய மெட்டடார் வேன். காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான ஆம்புலன்ஸ் அது. கதவில் வரைந்திருந்த சிவப்புச் சிலுவை வெயிலில் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. சைரன் சுவிட்சை அமுக்கிப் பிடித்தால்தான் ஊளையிடும். விரலை எடுத்தால் நின்றுவிடும். அப்பா ஒரு கையால் அதை அமுக்கி, மறு கையால் ஸ்டியரிங்கை ஒடிப்பார். ஊரிலேயே வேகமாகப் போகிறவர் என் அப்பாதான் என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி விட்டதும் அப்பா என்னை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது சித்தப்பா ஓடிவந்து மறித்தார். அவர் அங்கே உதவியாளர். வண்டியில் நோயாளியோடு பின்னால் போகிறவர்.

"செங்கல்பட்டுக்குப் போகணும்ண்ணா. டாக்டர் உடனே எடுத்துக்கினு போவச் சொல்லிட்டாரு."

தறியில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்ட ஒரு நெசவாளரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். கூட அவர் மனைவி மட்டும். என்னை வீட்டில் விட நேரமில்லை.

"நீ சுவிட்ச அமுக்கும்மா. கூட்டத்தப் பாத்தா அமுக்கு, இல்லன்னா விட்டுடு" என்றார் அப்பா.

அதைவிடப் பெரிய பதவி எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவில்லை. மூங்கில் மண்டபம் அருகே பஸ்கள் ஒதுங்கின. சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். எல்லாம் என் கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டதாக எண்ணிக்கொண்டேன்.

எங்கள் தலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் பாதி திறந்திருந்தது. அதன் வழியே அந்த அம்மாவின் குரல் ஓயாமல் கேட்டது.

"இந்தா, அய்யம்பேட்டை வந்துடுச்சு. கண்ண மூடாத. பெரியவளுக்கு ஆள் அனுப்பியிருக்கேன், வந்துடுவா. புடவை பாதியில நிக்குதேன்னு கவலப்படாத, உன் தம்பி முடிச்சிக் குடுப்பான். கேக்குதா?"

வாலாஜாபாத் தாண்டியதும் சித்தப்பா அந்தக் கண்ணாடியை இரண்டு முறை தட்டினார். அப்பா தலைக்கு மேல் மாட்டியிருந்த முகக்கண்ணாடியில் அவரைப் பார்த்தார். சித்தப்பா மெல்லத் தலையை இடவலமாக ஆட்டினார். சாலை காலியாக இருந்தது. எனக்கு விரல் வலித்தது, எடுத்துவிட்டேன்.

"எடுக்காத. அமுக்கிக்கினே இரு" என்றார் அப்பா. வண்டி அதே வேகத்தில் பறந்தது. பின்னால் பேச்சும் நிற்கவில்லை.

செங்கல்பட்டில் ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோனார்கள். அந்த அம்மாவும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். பிறகு சித்தப்பா மட்டும் வெளியே வந்து அப்பாவிடம் கோபமாகக் கேட்டார்.

"நான் தட்டினது கேக்கலியா? அதுக்கப்புறம் எதுக்குண்ணா அந்த ஓட்டம்? கொழந்தைய வேற வச்சிக்கினு!"

"கேட்டுது. அந்தம்மா பேசிக்கினே இருந்துது. சைரன் நின்னா பேச்சு நின்னுடும்டா."

சைரன் சத்தத்துக்கும் ஒருவர் பேசுவதற்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியவில்லை. அப்பா குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். நாம் சீக்கிரமாக வந்துவிட்டோமா என்று கேட்டேன். வந்துட்டோம்மா என்றார்.

பொழுது சாயும் நேரம் அதே வேனில் திரும்பினோம். அந்த நெசவாளரும் பின்னால்தான் இருந்தார், வெள்ளைத் துணி தலை வரைக்கும் போர்த்தியிருந்தது. குளிர்கிறது போலும் என்று நினைத்தேன். அந்த அம்மா அவர் கால்மாட்டில், துணிமேல் கை வைத்தபடி வேனின் சுவரில் சாய்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் பேசிப் பேசிக் களைத்துப்போயிருப்பார்.

எதிரே மாட்டுவண்டி ஒன்று வந்தது. அப்பாவின் கை ஹாரனுக்குப் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னேன்.

"அடிக்காதப்பா. ரெண்டு பேரும் தூங்குறாங்க."

அப்பா கையை எடுத்துக்கொண்டார். காஞ்சிபுரம் வந்து சேரும்வரை ஒரு முறைகூட ஹாரன் அடிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுத்தான் அப்படிச் செய்தார் என்று வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.