இழவு வீட்டில் தவணை

எங்கள் குழுவில் பத்துப் பெண்கள். ஆண்டிமடம் பக்கத்தில் ஒரே கொட்டகையில் முந்திரி உடைப்பவர்கள். பெரம்பலூரில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு கடன் கம்பெனிதான் எங்களைக் குழுவாகச் சேர்த்தது. செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் குழுத் தலைவி வீட்டு வாசலில் வட்டமாக உட்கார வேண்டும். பத்துத் தவணையும் சேர்ந்தால்தான் வசூலுக்கு வரும் சார் எழுந்திருப்பார். ஒருத்தி கட்டவில்லையென்றால் மற்ற ஒன்பது பேரும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து கிடக்க வேண்டும். கூலி போகிற ஆத்திரத்தில் அவர்களே அவளைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். சார் வாயைத் திறக்கவே வேண்டாம், செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ.

கூரையைப் பிரித்து ஆஸ்பெஸ்டாஸ் போட வாங்கிய கடன் அது. என் வீட்டுக்காரர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர். லாரி ஓடினால்தான் அவருக்குக் காசு. தவணைக்காகப் பால் வாங்குவதை நிறுத்தி வரக்காப்பிக்குப் பழகினோம். மாமனாருக்கு மட்டும் கொஞ்ச நாள் பால் வாங்கினோம். பிறகு அவரே, "எனக்குக் கடுங்காப்பிதான் புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். பொய். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் செத்துப்போனார். பார்த்துப் பார்த்து அந்தக் கிழமையில் போனார் மனுஷன்.

அப்பனைக் கொட்டு இல்லாமல் தூக்கக் கூடாது என்பதில் வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்தார். லாரிக்காரர்களிடம் கைமாற்று வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். "கொட்டுக்காரங்களுக்கும் பூப்பல்லக்குக்கும் இது. வேற எதுலயும் கை வச்சிடாத" என்றார். நான் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வெயில் ஏறும்போது குழுப் பெண்கள் ஒன்பது பேரும் மாலையோடு வந்தார்கள். தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டகைக்குப் போகாமல் வந்திருக்கிறார்களே என்று நான் எழுந்து வாசலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் இழவு வீட்டுக்கு வரும் பெண்கள் தோளோடு தோள் கட்டி, தலைகளை ஒட்டி வைத்து வட்டமாக அழுவார்கள். என்னையும் இழுத்து வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். தலைவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த மாமா" என்று ஒரு வரி பாடினாள். அடுத்த மூச்சில் என் காதில், "சார் முக்குல நிக்கிறாருடி. இன்னிக்கு ஒன்னோடது வந்தாதான் பத்துப் பேருக்கும் புது லோன் ஓகே ஆவும்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்க்கப் போனேன். அவள் என் தலையைத் திரும்ப அழுத்தினாள்.

"அழுவுடி, எல்லாரும் பாக்குறாங்க."

"பொணம் கெடக்குதுக்கா."

"தெரியுதுடி. என் மவளுக்கு நாளைக்கு காலேஜு பீஸு கட்டணும். இவளுவளும் ஆளுக்கொரு எடத்துல கை நீட்டி வச்சிருக்காளுவ. ஒன்னால எங்க லோனும் நிக்கணுமா?"

மறுபடி ஒரு வரி பாடினாள். கண்ணீர் நிஜமாகவே வந்தது அவளுக்கு. என் முதுகைத் தடவிக்கொண்டே வந்த கை இடுப்புக்கு இறங்கி, புடவைக்கு மேலேயே சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்தது. "இருக்குதுல்ல" என்றாள். அந்தக் கையை அப்படியே முறித்துப் போடலாம் போல இருந்தது. மற்ற எட்டுப் பேரும் அழுதபடி என் வாயையே பார்த்தார்கள். ஒருத்தியாவது வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

கொல்லைப்பக்கம் போய்ப் பணத்தை எண்ணினேன். வேலியோரமாக சாரும் வந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

"துக்க வூட்டுல வந்து வாங்குறோம்னு தப்பா நெனக்காதீங்கம்மா" என்றார். பணத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, உண்மையான வருத்தத்தோடு தொடர்ந்தார். "மாமனாருக்கு இன்சூரன்ஸ் கெடயாது. இதுவே ஒங்க வூட்டுக்காரரா இருந்திருந்தா மொத்த லோனும் கழிஞ்சிருக்கும்."

காறித் துப்பியிருக்க வேண்டும். "சரிங்க சார்" என்று சொன்னேன்.

கொட்டுக்காரர்கள் தப்பு மேளத்தைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்தியபோது வீட்டுக்காரர் பணம் கேட்டார். தவணைக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. போய் அவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் நெருப்பை மிதித்து அணைத்துவிட்டுப் போனார்கள். பஞ்சாயத்துத் தள்ளுவண்டியில் மாமனாரை ஏற்றிக்கொண்டு போனபோது சத்தமே இல்லை. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி, "கொட்டுக்குக் கூட வக்கில்லாதவளா வந்து வாச்சிருக்கா" என்றாள், எனக்குக் கேட்கட்டும் என்றே.

அடுத்த வாரக் கூட்டத்தில் தலைவி மாலைக்கான செலவைப் பத்தாகப் பிரித்தாள். என் பங்கையும் கேட்டாள். கொடுத்தேன். எங்கள் வீட்டுப் பிணத்துக்குப் போட்ட மாலைக்கு நானும் குழுவில் ஒருத்தியாகக் காசு கொடுத்தேன், இதை வெளியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்றைக்கே புதுக் கடன் வந்தது. நானும் வாங்கினேன். கருமாதி வைக்க வேண்டும், லாரிக்காரர்களுக்குத் திருப்ப வேண்டும், வேறு எங்கே போவேன்? எதற்குக் கடன் என்ற இடத்தில் எல்லோருக்கும் போடுவது போல எனக்கும் கறவை மாடு என்று போட்டார் சார். எங்கள் தெருவில் ஒரு கன்றுக்குட்டி கூடக் கிடையாது.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கும் போட்டோ வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரர் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். போட்டோ எடுத்து முடித்ததும் சார் அவரிடம், "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களேண்ணே? சக்கர, நெஞ்சுவலி எதுனா உண்டா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் சார்" என்றார் இவர்.

திரும்பி நடந்து வரும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "அந்தக் கம்பெனிக்காரரு நல்ல மனுசன். அப்பா போனதுலேருந்து என் ஒடம்பு எப்படி இருக்குன்னு கேட்டது அவரு ஒருத்தருதான்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.