பிரஷாந்தினிக்கு அடித்த மணி

மகேந்திரராசா அண்ணையைப் போல ஒரு விசரனை நான் கண்டதில்லை. அகதிகளாக வந்த குளிர்நாட்டில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் நாங்கள் நாலு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். நாங்கள் மூன்று பேரும் உணவகங்களில் கோப்பை கழுவ, சைவக்காரரான அவர் ஓர் அங்கிலிக்கன் தேவாலயத்தைக் கூட்டித் துடைத்து, மணியும் அடித்தார். அங்கே சுவரில், இங்கிலாந்தில் எண்ணூறு வருடம் பழைய கிராமத் தேவாலயம் ஒன்றின் வரலாறு சட்டம் போட்டுத் தொங்கியது. அந்தக் கிராமத்திலிருந்து வந்தவர்கள் கட்டியதுதான் இது. அண்ணை அகராதியோடு அதை வரிவரியாகப் படித்து வந்து, எங்களை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார். எந்த அரசன் கூரையைப் பிடுங்கினான், கொள்ளைநோயில் பாதிச் சனம் செத்தபோது மணி அடிக்கவே எப்படி ஆளில்லாமல் போனது, எல்லாம் சொல்லுவார். எங்களுக்கேன் இந்தக் கதை என்று நான் எரிந்து விழுவேன்.

அந்தக் கிராமத்து வழக்கம் ஒன்று இங்கேயும் இருந்தது. சபையில் ஒருவர் செத்தால், வயது எத்தனையோ அத்தனை தரம் மணி அடிக்க வேண்டும். சபையில் மிஞ்சியதெல்லாம் கிழடுகள். எண்பத்து மூன்று, தொண்ணூற்றொன்று என்று அண்ணை கை நோக அடித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு மாசியில் கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன அவருடைய ஒரே மகள் பிரஷாந்தினி மலேரியாவில் போய்விட்டாள். தாயில்லாத பிள்ளை, பெரியம்மாவோடு விட்டு வந்திருந்தார். அவளை இங்கே கூப்பிட அவர் ஏறி இறங்காத குடிவரவுக் கந்தோர் இல்லை. கடிதம் கிடைத்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்திருந்தது. அவர் அழவில்லை.

மகளுக்கு அந்த மணியை அடிக்க வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். தேவாலய நிர்வாகத்தைப் பார்த்த அக்னெஸ் கிழவி, சபையில் இல்லாதவர்களுக்கு அடிப்பதில்லை என்று கையை விரித்தாள். அண்ணை அவளைச் சுவரடிக்குக் கூட்டிப்போய்க் கொள்ளைநோய் வரியில் விரலை வைத்தாராம். என் பிள்ளை செத்த இடத்திலும் அடிக்க ஆளில்லை என்றாராம். கிழவி கோபுரச் சாவியைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை நானும் போனேன். கத்தோலிக்கனான நான் அந்தப் படியை மிதித்தது அன்றுதான். பிள்ளை பிறந்த திகதியை அக்னெஸ் கேட்டுக் கணக்குப் பார்த்து, பதின்மூன்று என்று பதிந்தாள். அண்ணை பதின்மூன்று அடித்தார். கயிற்றை விடாமல் நின்றார். பிறகு இன்னொன்று அடித்தார்.

ஒன்று கூடிவிட்டதே என்று அக்னெஸ் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நான் அண்ணையிடம் கேட்டேன்.

"பதின்மூண்டு முடிஞ்சு எட்டு மாசம் இருந்தவள், யோசெப்பு," என்றார். "அந்த எட்டு மாசமும் பிள்ளை உயிரோட தானே இருந்தது. அதை நான் எங்க விடுறது?"