சினியோராவின் தட்டும் பிலோமினா அன்ரியின் தட்டும்

பிலோமினா அன்ரி இறந்துவிட்டார் என்று தேவாலயப் பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் அன்று சொல்லாமல் விட்ட ஒரு வசனம்தான் முதலில் நினைவுக்கு வந்தது: "டொக்டர், இவர் சொல்வது இவருடைய சாப்பாடு இல்லை."

இத்தாலியில் நாங்கள் இருக்கும் நகரத்தில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வு நடக்கிறது. உணவும் உறக்கமும் நடையும் முதியவர்களின் உடலில் ஒட்சியேற்ற அழுத்தத்தை எப்படிக் கூட்டுகின்றன, குறைக்கின்றன என்று, சில மாத இடைவெளியில் இரண்டு முறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். தமிழ் பேசுவோருக்கு நான் மொழிபெயர்க்கிறேன். வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதுபோல உடம்புக்குள்ளும் நடக்கிறது என்று, அறுபத்தெட்டு வயது அன்ரிக்கு விளக்கினேன்.

"அப்ப என்னையும் உப்புத்தண்ணியிலை போட்டு வை, பிள்ளை" என்றார்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் தடுமாறாமல் சொன்னார். காலையில் தோடம்பழம், மதியம் சாளை மீனும் ஒலிவ் எண்ணெய் விட்ட கீரையும், இரவு பருப்புச் சூப், ஒன்பது மணிக்கு நித்திரை. மருத்துவருக்குப் பெரிய சந்தோஷம். நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

அது, அன்ரி வீட்டோடு தங்கிப் பதினொரு வருடமாகப் பராமரித்த இத்தாலிய மூதாட்டியின், அவர் சினியோரா என்று அழைக்கும் அம்மாவின் நாள். அன்ரியின் நாளை சினியோரா வீட்டுச் சமையலறையில் நான் பார்த்திருக்கிறேன். நின்றபடியே, சீனி கூடிய தேநீரில் வெள்ளைப் பாணைத் தோய்த்துச் சாப்பிடுவார். சினியோரா கூப்பிடும்போதெல்லாம் எழும்புவதால் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. மிலானிலிருந்து சினியோராவின் மகள் தினமும் தொலைபேசியில் "என்ன சாப்பாடு, எப்படி நித்திரை" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு அன்ரியிடம் ஒரே பதில்தான் இருந்தது.

மூன்று நாள் பொறுத்து அன்ரியிடம் போய், அவர் சொன்னது சினியோராவின் சாப்பாடு என்று சொன்னேன்.

"என்னைப் பொய்க்காரி எண்டுறியோ?" அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார். கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டார். "ஐயோ, நான் அவவின்ரை வயித்தையெல்லோ ஒப்புவிச்சுப்போட்டன்! வியாழன் பின்னேரம் எனக்கு லீவு. போய் மாத்துவம்."

"டொக்டர் ஏசுவார், அன்ரி."

"ஏசட்டும். என்ரை இரத்தத்துக்குப் பக்கத்திலை அவவின்ரை மீனை எழுதி வைச்சா, மீன் திண்டும் சரிவரேல்லை எண்டெல்லோ நினைப்பினம்!"

வியாழக்கிழமை அவருக்கு நான் தேவைப்படவில்லை. தனக்குத் தெரிந்த இத்தாலியனிலேயே மருத்துவரிடம் சொல்லித் திருத்தினார். வீட்டு வேலை செய்கிறவர்களிடம், சமைத்தது என்ன, தான் சாப்பிட்டது என்ன என்று வேறுவேறாகக் கேட்க வேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றார். மருத்துவர் அந்தக் கேள்வியைச் சேர்த்தார்.

அன்றிலிருந்து சினியோராவின் மேசையில் இரண்டாவது தட்டு வந்தது. "நிண்டுகொண்டு திண்டால் உடம்பு அதைச் சாப்பாடெண்டு நம்பாது" என்பார். சினியோரா முதலில் முணுமுணுத்தார். பிறகு அன்ரி உட்காரும்வரை கரண்டியைத் தொடமாட்டார். சினியோராவின் மகளோடு அன்ரி வாதாடி, கிழமையில் இரண்டு இரவு வேறு ஆள் வர ஏற்பாடும் செய்தார். பல்லரோச் சந்தைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே போனார்.

எனக்கு அவர் விட்டுப்போனது, சமைத்தது என்ன, சாப்பிட்டது என்ன என்ற அந்தக் கேள்விதான். அவரை அறிந்த பங்கு மக்களாகிய நீங்கள் என் முன்னால் வந்து உட்கார்ந்தால் உங்களிடமும் கேட்பேன். உண்மையான பதில் வரும்வரை அடுத்த கேள்விக்குப் போகமாட்டேன்.

இரண்டாவது முறை இரத்தம் எடுக்க ஒன்பது நாள் இருக்கையில், நெஞ்சுவலி வந்து அன்ரி இறந்தார். ஒருமுறை மட்டும் இரத்தம் கொடுத்தவர்களை ஆய்வில் சேர்ப்பதில்லை. அவர் திருத்திய படிவம் நீக்கப்பட்டது.