சூப்பர்சார்ஜர் எண்ணெயின் நாற்றம்

அந்தக் காரை நான் வாங்கியபோது அதற்குப் பதினெட்டு வயது. இரண்டே கதவுகள், நீண்ட மூக்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர். புதுச்சேரியில் ஒரு டாக்டர் வெளிநாட்டுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். நான் விழுப்புரத்தில் வக்கீல். நிலப் பத்திரங்களைத் துருவிப் பார்ப்பதுதான் தொழில். ஒருவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டால், ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். காரையும் அந்தப் புத்தியோடுதான் வைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் எல்லாம் மரியாதையாக மூடிவிட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் இருப்பதாக யாரோ சொன்னார்கள். பல வருடம் ஷார்ஜாவில் இந்த மாதிரி வண்டிகளிலேயே வேலை பார்த்தவராம். பைபாஸ் ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அதுவே எனக்கு உறுத்தியது. வேலை நடக்கிற இடம் இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்?

அவர் எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை சூப்பர்சார்ஜர் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார்.

"பெல்ட்டு போச்சு மேடம். காத்துக் குழாயெல்லாம் வெடிச்சிருக்குது. அத்த மாத்திட்டு, சின்னதா ஒரு புல்லிச் சக்கரம் போட்டா இது இன்னும் வேகமா சுத்தும், வண்டி பாயும். சத்தம் கொஞ்சம் மாறும், பயந்துக்காதீங்க. பத்து நாள் உட்டுட்டுப் போங்க."

சாவியைக் கொடுப்பதற்கு முன், கிலோமீட்டர் மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்தார்.

ஆறாம் நாள் கோர்ட்டில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. என் கார் டோல்கேட்டைத் தாண்டியதாக ஃபாஸ்டேக் மெசேஜ். மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பித் தாண்டியதாக இன்னொரு மெசேஜ். வராந்தாவுக்கு வந்து அவரைக் கூப்பிட்டேன்.

"ஆமா மேடம், பார்ட்ஸ் ஜல்தியா வந்துடுச்சு. ட்ரயல் ஓட்டிக்கினு போனேன். ஊருக்குள்ள ஓட்னா இந்த வண்டி இன்னான்னு தெரியாது."

மூன்று மணி நேரமா என்று கேட்க வாயெடுத்தேன். பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்டுப் பழக்கமில்லை. போனை வைத்துவிட்டேன்.

கார் திரும்பி வந்தபோது உண்மையாகவே பாய்ந்தது. ஆனால் சூப்பர்சார்ஜரின் விசில் சத்தம் மெலிந்து, கூர்மையாகிவிட்டிருந்தது. பழைய சூப்பர்சார்ஜரைக் கழற்றி வைத்துக்கொண்டு வேறு எதையோ மாட்டிவிட்டார் என்று தோன்றியது.

"சத்தம் மாறும்னு அவரே முன்னாடி சொன்னார் இல்ல?" என்றார் என் கணவர்.

"அதான் சந்தேகமே. ஏன் முன்னாடியே சொல்லணும்?"

அடுத்த வாரம், மெக்கானிக்குக்குத் தெரியாமல் வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ஓட்டிப்போனேன். அங்கே கண்ணாடி முகப்பு வைத்த பெரிய வொர்க்‌ஷாப். சோபாவில் உட்காரவைத்துவிட்டு வண்டியை உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம் கழித்து, டாக்டர் கொடுத்த பழைய காகிதத்தில் இருந்த நம்பரும் சூப்பர்சார்ஜரின் நம்பரும் ஒன்றுதான், திறந்தும் பார்த்துவிட்டோம் என்றார்கள். பழைய சாமான் அப்படியே இருக்கிறது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம்.

ஒரு மாதம் போனது. முண்டியம்பாக்கம் தாண்டும்போது முன்னாலிருந்து, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வறுசட்டியில் புரள்வதுபோல் ஒரு சத்தம். நேரே திண்டிவனத்துக்கு விட்டேன். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டே போனேன்.

அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இத்த யாராவது தொறந்தாங்களா மேடம்?"

"இல்லையே."

"வேலை முடிச்சா போல்ட்டு மேல மஞ்சா பெயிண்ட்ல ஒரு கோடு இழுப்பேன். யார்னா தொறந்தா கோடு பிசகும். இங்க பிசகியிருக்குது."

"நீங்க சரியா இறுக்காம விட்டிருக்கலாம்."

அவர் ஊசி சிரிஞ்சால் உள்ளேயிருந்து கொஞ்சம் எண்ணெய் உறிஞ்சி என் மூக்கருகே நீட்டினார். வாசனை ஒன்றும் பெரிதாக இல்லை. அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலின் மூடியைத் திறந்தார். அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் சேர்ந்த நாற்றம். பின்வாங்கினேன்.

"இதுக்கு ஊத்துற ஆயில் இந்த நாத்தம் நாறும். உள்ள இருக்கிறது சாதா எஞ்சின் ஆயில். அதான் பேரிங் கத்துது."

அவர் பாட்டிலை மூடினார்.

"சரி, உடுங்க. நானே மறதியா ஊத்தியிருப்பேன். பேரிங்க மாத்திக் குடுத்துடறேன்."

செய்யாத தப்பை ஒப்புக்கொள்கிறவர்களைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு எதிரே நின்று ஜெயித்தும் இருக்கிறேன். காரை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வருவதற்குள் இறங்கித் திரும்ப நடந்தேன்.

"பாண்டில காட்டினேன். நீங்க பழைய பார்ட்டை மாத்திட்டீங்களோன்னு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தெரியும் மேடம். பானெட்டுக்கு அடியில அவங்க ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிச்சிருக்காங்க."

திறந்து காட்டினார். பளபளவென்று ஒட்டியிருந்தது. ஒரு எழுத்துப் பிசகையும் விடாத என் கண்ணுக்கு, ஒரு மாதமாக அது படவில்லை.

"அப்ப ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"கஸ்டமரு இல்லன்னு சொன்னப்புறம் நான் இன்னா பண்றது? சண்டையா போடறது?"

வெட்கம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அன்னைக்கு மூணு மணி நேரம் எங்க போனீங்க?"

முதல்முறையாகச் சிரித்தார். "விக்கிரவாண்டி தாண்டி ஓரம் கட்டி, டீ குடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். சூட்டோட தொட்டா கை வெந்துடும். ஆறவெச்சு, போல்ட்டெல்லாம் திருப்பி இறுக்கி ஓட்டிக்கினு வந்தேன்."

நம்பும்படியாகத்தான் இருந்தது. டீ குடித்த கடை எது என்று கேட்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.

பேரிங் மாற்றிய அன்று, என்னையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். சென்னை ரோட்டில் மூன்றாவது கியரில் இழுத்தேன். மல்லாட்டைச் சத்தம் இல்லை. வண்டி இருவரையும் சீட்டோடு அழுத்தியது. அவர் கதவுக்கு மேலே இருந்த பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"மேடம், தினமும் இப்டிதான் ஓட்றீங்களா?"

"இல்லையே," என்றேன்.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை.